ஐந்தாவது இன்னிங்ஸின் விலை

ஸ்ரீஸ்கந்தராசா அந்த ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கன் மைதானத்துக்கு வந்தது பேஸ்போல் விளையாட அல்ல, தலைக்கணக்குக்கு. ஒன்பது பேர் நிற்காவிட்டால் ஆட்டமே இல்லை என்பது அந்தத் தொழிற்சாலைகள் லீக்கின் சட்டம். பதினோராவது ஆளாக வந்தவர் ஆட்டக்காரர் இருக்கிற நீள வாங்கிலின் கரையில் குந்தியிருந்து, மூடிய கண் வெளியே தெரியாதபடி தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, நித்திரை கொண்டார். சனி இரவு ஓவர்டைம் முடித்து வந்த உடம்பு. ஆட்டம் என்ன, பூகம்பம் வந்தாலும் அது பாட்டுக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்ற நிலை.

கனடாவின் மார்க்கம் நகரில் பிளாஸ்ரிக் வாளியும் மூடியும் வார்க்கிற தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு ஆறு வருடமாக இரவு வேலை. பதினொன்றுக்கு உள்ளே போனால் காலை ஏழுக்கு வெளியே. வீட்டுக்கு வந்தால் மனைவி யோகமலர் சப்பாத்தும் கைப்பையுமாக வாசலில் நிற்பாள். மகள் லக்சிகாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அவளுக்குப் பகல் வேலை. பிள்ளைக்கு மத்தியானம் இரண்டரை மணித்தியாலம் பாலர் வகுப்பு. அதுதான் அவருடைய நித்திரையின் முதல் தவணை. யோகமலர் திரும்பி வந்து சமைக்கிற நேரம் இரண்டாம் தவணை. கோடை விடுமுறையில் முதல் தவணையும் கிடையாது. ஒருவர் எழும்பிய சூட்டில் மற்றவர் படுக்கிற குடித்தனம். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிடந்து கூரையைப் பார்த்துக் கதைத்தது எப்போது என்று கேட்டால், நல்லூர்த் திருவிழா மாதிரி வருடத்தில் இத்தனை நாள் என்று எண்ணிச் சொல்லலாம்.

செப்டெம்பரில் லக்சிகா முதலாம் வகுப்பு. முழுநாள் பள்ளிக்கூடம். அவருக்குப் பகல் வேலை கிடைத்தால், காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அனுப்பினாலும், மூன்று மணிக்கு முடித்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவரலாம். இரவில் மனிதரைப்போல நித்திரை கொள்ளலாம். இதை ஷிப்ட் அட்டவணை எழுதுகிற போர்மன் டொமினிக்கிடம் சித்திரை மாதமே சொல்லிவிட்டார். டொமினிக் "பார்ப்பம்" என்றார். வைகாசியிலும் "பார்ப்பம்". ஞாயிற்றுக்கிழமைகளில் அணிக்கு ஆள் குறைகிறது, வருவாயா என்று டொமினிக் கேட்டபோது, அந்தப் "பார்ப்பம்" கொஞ்சம் கனியும் என்றுதான் ஸ்ரீஸ்கந்தராசா வந்தார்.

அந்த வருடம், தொண்ணூற்று நாலு ஆவணி, பெரிய பேஸ்போல்காரர்கள் எல்லோரும் சம்பளப் பிரச்சினையில் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து கிண்ணம் வென்ற ஊர் அணியின் பெரிய மைதானம் பூட்டிக் கிடந்தது. தொழிற்சாலை முதலாளிக்கு எழுபது வயது. பேஸ்போல் பார்க்காத ஞாயிறு அவருக்குச் சாப்பாடு இறங்காத ஞாயிறு. வேறு வழியில்லாமல் தன்னுடைய தொழிலாளிகள் விளையாடுவதைப் பார்க்க வரத்தொடங்கினார். மடிப்புக் கதிரையும் ஐஸ்பெட்டியுமாக, தூரத்து மேப்பிள் மர நிழலில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு இருப்பார். அதுவரை விளையாட்டாக இருந்தது அன்றிலிருந்து டொமினிக்குக்கு உத்தியோகமாகிவிட்டது.

அன்றைக்கு எதிரணி றிச்மண்ட் ஹில் பேக்கரிக்காரர். மாவு மூட்டை தூக்கிய கைகள். பந்தை அடித்தால் அது திரும்பி வர யோசித்தது.

முதலில் போனது அலெக்ஸாண்டரின் தோள். மசிடோனியாக்காரன்; அணியின் முதல் பிட்சர், பந்து எறிகிறவன். மூன்றாவது இன்னிங்ஸில் அந்தத் தோள் டக்கென்றது வாங்கில்வரை கேட்டது. எறிய முடியாமல் ஒரு மூலையில் சும்மா நிற்கப் போய்விட்டான். அடுத்தவன் மிஷின் திருத்துகிற மெக்கானிக். நாலு பேரை ஒழுங்காக ஆட்டமிழக்கச் செய்தவனின் இடுப்பில் பேஜர் கீச்சிட்டது. ஆறாம் நம்பர் மிஷின் இறுகிவிட்டது, உடனே வா. கொம்பனியின் பிட்சரைக் கொம்பனியே கொண்டுபோய்விட்டது. மூன்றாவது ஆள் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எறிந்ததெல்லாம் வேலிக்கு மேலால் போக, அம்பயரின் கண்ணைப் பற்றியும், பிறகு அம்பயரின் தாயாரைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னான். அம்பயர் பேசாமல் வாசலைக் காட்டினார்.

மிஞ்சியது சரியாக ஒன்பது பேர். அதில் எறிய ஒருவனும் இல்லை. ஒவ்வொருவரும் அவசரமாகத் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். பந்து பிடிக்கிற டொமினிக் முகமூடியைக் கழற்றிக்கொண்டு நேரே ஸ்ரீஸ்கந்தராசாவிடம் வந்தார்.

"ஸ்ரீ, நீங்கள் எல்லாம் கிரிக்கெட் விளையாடுகிற ஆட்கள்தானே?"

ஆறு வருடமாக அந்த நீளப் பெயரில் டொமினிக் பாவித்தது முதல் எழுத்தை மட்டும்தான். மிச்சம் புதுசாகவே இருந்தது.

நிலைமையை டொமினிக் சுருக்கமாக விளக்கினார். பதினாறுக்கு இரண்டு. தோற்றது தோற்றதுதான். ஆனால் ஐந்து இன்னிங்ஸ் முடிந்து பத்து ஓட்டத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அம்பயர் இரக்கப்பட்டு ஆட்டத்தை நிறுத்திவிடுவார், கௌரவமான தோல்வி. இப்போது ஐந்தாவதின் தொடக்கம். எறிய ஆளில்லாமல் நடுவில் விட்டால் அது கைவிட்ட ஆட்டம். ஏற்கனவே இரண்டு ஆட்டம் கைவிட்டாயிற்று. மூன்றாவதும் விட்டால் லீக்கை விட்டே கலைப்பார்கள். டொமினிக் மேப்பிள் மரத்தைக் கண்ணால் காட்டினார்.

"மூன்றே மூன்று பேரை அவுட்டாக்கு. போதும்."

ஸ்ரீஸ்கந்தராசா கொட்டாவி விட்டார். யாழ்ப்பாணம் பெரியகடையில் துணிக்கடையொன்றில் பன்னிரண்டு வருடம் நின்றவர் அவர். வந்தவருக்கு அவசரம் என்று தெரிந்தால் சேலையை மெதுவாகத்தான் விரிக்க வேண்டும்.

"தோள் நோகுது," என்றார்.

"ஸ்ரீ!"

"இரவு வேலையாலதான். பகல் வேலையெண்டால் நோகாது."

டொமினிக் அவரைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். அம்பயர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சரி. இந்த இன்னிங்ஸை முடித்துத் தா. செப்டெம்பரிலிருந்து பகல். ஆனால் இரவில் உன் இடத்துக்கு நீதான் ஒரு ஆள் கொண்டுவர வேண்டும். இடம் விடுகிறவன் ஆள் தரவேண்டும், தெரியும்தானே?"

தெரியும். அந்தத் தொழிற்சாலையில் யாரும் விண்ணப்பம் போட்டு வந்ததில்லை. போகிறவன் தன் ஆளை வைத்துவிட்டுப் போவான். ஆளும் கையில் இருந்தது. யோகமலரின் தம்பி வினோதன் கனடாவுக்கு வந்து எட்டு மாதம். ஸ்ரீஸ்கந்தராசா பந்தை வாங்கிக்கொண்டு மண்மேட்டில் ஏறினார்.

கிரிக்கெட்டில் ஆறு பந்து போட்டால் ஓவர் முடிந்துவிடும். எவ்வளவு மோசமாகப் போட்டாலும் பந்தை இன்னொருவன் வாங்கிக்கொள்வான். அது கருணையுள்ள விளையாட்டு. இங்கே மூன்று பேர் ஆட்டமிழக்கும்வரை எறிந்துகொண்டே இருக்க வேண்டும். நேரம் வந்து காப்பாற்றாது, இருட்டு வந்தால் லைட் போடுவார்கள். தோற்கக்கூட மூன்று பேரை வெளியேற்றித்தான் தோற்க வேண்டும். இப்படியொரு வேலையை வெள்ளைக்காரன் ஓய்வுநாளுக்கென்று வைத்திருக்கிறானே என்று அவருக்கு அலுப்பாக இருந்தது.

முதலில் வந்து நின்றவன் மாநிறமான, தாடி வைத்த, மெலிந்த ஆள். ஸ்ரீஸ்கந்தராசா கையைச் சுழற்றினார். கைக்குப் பழைய ஞாபகம்தான் இருந்தது. பந்து நிலத்தில் குத்தியது, எழும்பியது, திரும்பியது, அடிக்க நின்றவனின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் போய் இறங்கியது. பள்ளிக்கூடத்தில் என்றால் கைதட்டியிருப்பார்கள்.

"உம்மாவே!" என்று அவன் ஒற்றைக்காலில் துள்ளினான்.

"ஐயோ தம்பி, வேணுமெண்டு போடேல்லை!"

துள்ளல் நின்றது. "தமிழோ?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

பந்து ஆளில் பட்டால் அவன் சும்மா ஓட்டப்பாதையின் முதல் மூலைக்கு, முதலாம் பேஸுக்கு, போகலாம். அவன் நொண்டிக்கொண்டு போய் ஸ்ரீஸ்கந்தராசாவின் இடக்கைப் பக்கம் நின்றான். பேர் ஷிஹாப். அறுபது அடி தூரத்திலிருந்து சந்தையில் கதைப்பதுபோல் சத்தமாகக் கதைத்தான். கேட்டாலும் விளங்க அங்கே யாருமில்லை.

"என்ன அண்ணை, யாழ்ப்பாணத்துப் பந்தைக் கொண்டந்து மில்லிக்கனிலை போடுறியள்? இஞ்சை நிலத்திலை பட்டால் பந்து செத்துப்போச்சு. நேரை எறியுங்கோ."

"பத்துப் பதினைஞ்சு வருசமாப் பந்து தொடேல்லை தம்பி."

"ஓம், என்ரை கால் சொல்லுது."

ஸ்ரீஸ்கந்தராசா நேரே எறிந்தார். அது டொமினிக்கின் தலைக்கு மேலால் போனது. அடுத்தது டொமினிக் கையை நீட்டியும் எட்டாத பக்கம் போனது. நாலு பந்து இப்படிக் கண்ட இடத்துக்குப் போனால் அடிக்க நிற்பவன் சும்மா முதலாம் பேஸுக்கு நடப்பான். அங்கே நிற்பவன் இரண்டாவதுக்கு நகர்வான். நாலும் போனது. ஷிஹாப் இப்போது அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"அண்ணை, உது எப்ப முடியும்?"

"மூண்டு பேர் அவுட்டானால்."

"உங்கடை எறிக்கு மூண்டு பேர் அவுட்டாக மார்கழி நத்தார் வந்திடும். எனக்கு அஞ்சரைக்கு றிச்மண்ட் ஹில்லிலை நிக்கவேணும். பாண் போடுற ஷிப்ட். இவை எல்லாரும் என்ரை வான் வண்டியிலைதான் வந்தவை."

"வான் உம்மடையோ?"

"பேக்கரியின்ரை. திறப்பு என்னட்டை. அது காணும்தானே?"

ஸ்ரீஸ்கந்தராசா குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். அவிழ்த்தால்தானே கட்ட நேரம் எடுக்கலாம். முதல்தடவையாக அன்று அவருக்கு நித்திரை கலைந்தது.

"அப்ப உம்மடை ஆக்களுக்குச் சொல்லுமன் தம்பி. பதினாறு அடிச்சாச்சு. மட்டையைச் சும்மா வீசிப்போட்டு அவுட்டாகச் சொல்லும். எல்லாரும் வீட்டை போவம்."

"சொல்லலாம். ஏன் சொல்லவேணும்?"

மாட்டேன் என்று சொல்கிறவனோடு பேச ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்கிறவன் கடையைத் திறந்துவிட்டான்.

"உமக்கும் களைப்பு, எனக்கும் களைப்பு," என்று குறைந்த விலையில் தொடங்கினார் ஸ்ரீஸ்கந்தராசா.

"களைப்பு எல்லாரிட்டையும் இருக்கு அண்ணை. அதுக்கு விலையில்லை."

அம்பயர் எறியச் சொல்லிக் கத்தினார். ஸ்ரீ எதிராளியைத் தன் பாஷையில் வெருட்டுகிறார் என்று நினைத்து டொமினிக் கையுறையில் குத்தி உற்சாகப்படுத்தினார். ஸ்ரீஸ்கந்தராசா எறிந்தார். இன்னும் நாலு பந்து நாலு திசை பார்த்தது. ஷிஹாப் மூன்றாம் பேஸுக்கு வந்தான்; வலது காதுப் பக்கம். இன்னொரு முறை நகர்ந்தால் ஓட்டத்தை முடித்துத் தன் ஆட்களோடு போய் இருந்துவிடுவான். வியாபாரம் அதற்குள் முடிய வேண்டும். மற்றச் சப்பாத்தின் நாடா அவிழ்ந்தது.

"இவ்வளவு பாடுபடுறியளே," என்றான் ஷிஹாப். "தோக்கப் போற ஆட்டம். உங்களுக்கு என்ன தாறாங்கள்?"

பொய் சொல்ல அவருக்குச் சக்தி இருக்கவில்லை. "டே ஷிப்ட். ஆறு வருசமா நைட் தம்பி. மனிசி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிள்ளையின்ரை பள்ளிக்கூடம் தொடங்குது. இதை முடிச்சுக் குடுத்தால் பகல்."

"அப்ப நைட்டிலை உங்கடை இடம்?"

ஷிஹாப் கேட்ட வேகத்தில் விலை தெரிந்துவிட்டது.

"அதுக்கு ஆள் இருக்கு. மனிசீன்ரை தம்பி."

"வேலை தேடுறாரோ?"

"யோசிக்கிறான்."

"யோசிக்கிற ஆளுக்கு நைட் ஷிப்ட் ஒத்துவராது அண்ணை. என்ரை தங்கச்சியின்ரை மாப்பிளை ஸெய்னுலாப்தீன் வந்து மூண்டு மாசம். வேர்க் பெர்மிட் கையிலை. யோசிக்கவே மாட்டார். அந்த இடத்தை அவருக்குத் தாங்கோ. மூண்டு அவுட் நான் தாறன்."

"சனி ஞாயிறு மட்டும் எண்டால் கேட்டுப் பார்க்கலாம்."

"சனி ஞாயிறுக்கு ஒரு அவுட்தான் வரும்."

"வேறை கொம்பனியிலை எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு..."

"தெரிஞ்ச ஆள் எனக்கும் இருக்கு. மூண்டு மாசமா 'பார்ப்பம்' எண்டுறாங்கள்."

அந்தச் சொல் ஸ்ரீஸ்கந்தராசாவைக் கொஞ்சம் நிறுத்தியது. நேரம் எடுக்கவென்று கேட்டார்: "மாப்பிளை எந்த இடம்?"

"யாழ்ப்பாணம்தான். அஞ்சு சந்தியடி. இரும்புக் கடை வைச்சிருந்தவர். தொண்ணூறிலை இயக்கக்காரர் முஸ்லிம் ஆக்கள் எல்லாருக்கும் ரெண்டு மணித்தியாலம் தந்து ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லிச்சினம். கடைத் திறப்பையும் வாங்கி வைச்சுக்கொண்டுதான் விட்டவை. பிறகு மூண்டரை வருசம் புத்தளத்திலை அகதிக் கொட்டிலுக்கை."

வானைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னான். விலை கூட்டுவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை, கேட்டார், சொன்னான். அந்த ஐப்பசியில் ஸ்ரீஸ்கந்தராசா இங்கே வாளி வார்த்துக்கொண்டிருந்தார். செய்தி வானொலியில் வந்தபோது, தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் தமிழர் நாலைந்து பேர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்தார்கள். அவரும் குடித்தார்.

அதற்கு மேல் குறைத்துக் கேட்க வாய் வரவில்லை. வீட்டில் யோகமலருக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி ஒருமுறை வந்து நின்றுவிட்டுப் போனது.

"சரி தம்பி."

"சரியெண்டால்?"

"ஆளை அனுப்பும்."

கை குடுக்க முடியாத தூரம். ஷிஹாப் தொப்பியைத் தூக்கி இறக்கினான்.

இனி ஷிஹாப் தன் ஆட்களிடம் போய்ச் சேர வேண்டும். அதற்கு இன்னும் நாலு பந்து அகல எறிந்தால் சரி. அதுவரை பிழையாக எறிவது ஒன்றுதான் அவருக்குச் சிரமமில்லாமல் வந்த வேலை. வேண்டுமென்று அகல எறிந்த பந்து நடுவால் நேரே போய் டொமினிக்கின் கையுறைக்குள் சப்பென்று விழுந்தது. அம்பயரே ஒரு கணம் திகைத்துத்தான் ஸ்ட்ரைக் என்றார். அடுத்ததும் அப்படியே. இன்னொன்று இப்படிப் போனால் அடிக்க நிற்பவன் அவுட், ஷிஹாப் நின்ற இடத்திலேயே. மூன்றாம் பேஸில் ஷிஹாப் தலையில் கை வைத்தான்.

"அண்ணை! இப்பவே திறமையைக் காட்டுறியள்?"

கண்ணை மூடிக்கொண்டு எறிந்த பிறகுதான் பந்து வழிக்கு வந்தது, அதாவது வழி தவறியது. நாலு சேர்ந்தது. பதினேழாவது ஓட்டமாக ஷிஹாப் நொண்டிக்கொண்டு போய்த் தன் வாங்கிலில் ஏறினான். அங்கே என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ஆனால் வான் திறப்பைச் சாவி வளையத்தோடு ஒரு விரலில் தூக்கி ஆட்டியதும், மணிக்கூட்டைத் தட்டியதும், பிறகு நீளமான ஸ்டீல்ஸ் வீதியை வெறுங்கையால் காட்டியதும் தெரிந்தது. அந்த வெயிலில் அங்கிருந்து றிச்மண்ட் ஹில்லுக்கு நடப்பதைப் பற்றி மாவு தூக்குகிறவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள்.

அடுத்து வந்த தடியன் பந்து கையை விட்டுக் கிளம்ப முதலே மட்டையை வீசினான். இரண்டாவது பந்து அவன் முதுகுக்குப் பின்னால் போனது, அதற்கும் வீசினான். மூன்று வீச்சு, ஆள் அவுட். அடுத்தவன் நிலத்தில் குத்தி உருண்ட பந்தை விறகு பிளப்பதுபோல் வெட்டினான். கடைசி ஆள் மூன்று வீச்சையும் மூச்சு விடாமல் முடித்துவிட்டு, மட்டையை வான் நின்ற பக்கமாகவே எறிந்தான். ஒன்பது பந்து, மூன்று அவுட். பிடித்துக்கொண்டிருந்த டொமினிக்குக்கு அந்த ஒன்பது பந்தும் எங்கெங்கே போனது என்று நன்றாகத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விடவேண்டியது எது என்று தெரிந்தவன்தான் போர்மன் ஆகிறான்.

ஸ்ரீஸ்கந்தராசாவின் அணிக்கு அடிக்கும் முறை வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர்கள் பத்து நிமிடத்தில் ஆட்டமிழந்தார்கள். அம்பயர் இரக்கப்பட்டு ஆட்டத்தை முடித்தார்.

முடிந்தது என்று ஸ்ரீஸ்கந்தராசா வாங்கிலில் சரிய, மேப்பிள் மரத்தடியிலிருந்து முதலாளி வந்துகொண்டிருந்தார். நடை அல்ல, எழுபது வயதுக்கு அது ஓட்டம். முகம் மின்னியது.

அந்தத் தூரத்தில், நெற்றியில் ஏற்றிய கண்ணாடியோடு, அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒன்பது வீச்சு, ஒன்றும் படவில்லை. பெரிய மைதானத்தில்கூட எத்தனை வருடத்துக்கு ஒருமுறை காணக் கிடைக்கும் காட்சி! யார் இவன், எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று டொமினிக்கைப் பிடித்து உலுக்கினார். இரவு வேலைக்காரன், செப்டெம்பரில் பகலுக்கு மாறுகிறான் என்றார் டொமினிக்.

முதலாளியின் முகம் மாறியது. மாறுவதா? எறிய வந்த கையை மாற்றுவதா? ஒன்றையும் தொடாதே என்றார். பேஸ்போல் தெரிந்தவன் வெல்கிற பிட்சரின் காலுறையைக்கூடத் துவைக்க விடமாட்டான். இரவு வேலை செய்து வந்த கைதான் இப்படி எறிந்தது. இந்தப் பருவம் முடியும்வரை அதே ஷிப்ட், அதே மிஷின், அதே சாப்பாடு.

டொமினிக் தோளைக் குலுக்கினார். முதலாளியிடம் உண்மையைச் சொன்னால், காசு வாங்காமல் விற்ற ஆட்டத்துக்கு டொமினிக்கும் பங்காளி.

ஸ்ரீஸ்கந்தராசா வாங்கிலை விட்டு எழும்பினார். வாழ்க்கையில் ஒரேயொரு நாள் ஏமாற்று வேலை செய்தார். அதைக் கொஞ்சம் அதிகம் நன்றாகச் செய்துவிட்டார். வானின் பக்கம் ஹோர்ன் அடித்தது. உள்ளே ஏறிய பேக்கரிக்காரர் பொறுமை இழக்க, ஷிஹாப் மட்டும் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

"என்னவாம் அண்ணை?"

"நான் நல்லா எறிஞ்சிட்டனாம். அதாலை நைட்டிலையே இருக்கட்டாம்."

ஷிஹாப் அவரை மேலும் கீழும் பார்த்தான். "நீங்கள்? நல்லா?" பிறகு முகம் விழுந்தது. "அப்ப மாப்பிளைக்கு இடம்?"

"நான் எழும்பினால்தானே அவர் இருக்கலாம்."

முதலாளி கீழே கிடந்த மட்டையொன்றை எடுத்து, எடை பார்த்து, காற்றில் ஒருமுறை மெல்ல வீசினார். இரண்டு கிழமையாகச் சாப்பாடு இறங்காத மனிதர். அந்தக் கையைப் பார்த்ததும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வழி தெரிந்தது.

"சேர், நீங்கள் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோவன்," என்றார் ஆங்கிலத்தில்.

முதலாளி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போய் நின்றார். இந்தக் கிழவர் அடித்தால் போதும். எழுபது வயதுக்காரர் அடிக்கக்கூடிய பந்தை எறிகிறவன் பிட்சரே அல்ல.

டொமினிக் முகமூடியை மாட்டினார். ஷிஹாப் பின்னால் பந்து பொறுக்க நின்றான். முதல் பந்து நிலத்தில் குத்தி எழும்பியது. முதலாளி வீசினார். படவில்லை. அடுத்தது தலைக்கு மேலால். அதற்கும் வீசினார். படவில்லை.

"பார்த்தாயா!" என்று முதலாளி மகிழ்ச்சியோடு டொமினிக்குக்குச் சொன்னார். "அடிக்கவே முடியாது!"

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வேர்த்தது. அன்றைக்கு முழுக்க அவர் ஒழுங்காக எறிந்த பந்துகள் இரண்டுதான், அதுவும் பிழையாக எறிய நினைத்தபோது. இப்போது உண்மையாகவே ஒரு பந்து சரியாகப் போக வேண்டும்.

"அண்ணை, அடிக்க விடுங்கோ! பாண் புளிக்கப் போகுது!" என்று ஷிஹாப் பின்னாலிருந்து கத்தினான்.

"விட்டுக்கொண்டுதானே இருக்கிறன்! மனிசன் அடிக்குதில்லையே!"

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கிழவரைப் பார்த்தார். முதலாளி காத்திருக்கும்போது மட்டையை ஆட்டி ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அது ஒரே பாதையில்தான் வந்தது, இடுப்பு மட்டத்தில், வாசல் கதவு திறப்பதுபோல். பந்து எங்கே வந்தாலும் அவர் அங்கேதான் வீசுவார். பந்தைத் தேடிப் போகிற வயது தாண்டிவிட்டது. அப்படியானால் பந்துதான் தேடிப் போக வேண்டும்.

ஸ்ரீஸ்கந்தராசா மண்மேட்டை விட்டு இறங்கினார். ஐந்தாறு அடி முன்னே நடந்தார். டொமினிக் முகமூடியை நேராக்கிக்கொண்டார். முதலாளியின் கண்ணாடி இன்னும் நெற்றியில்தான். லக்சிகாவுக்குப் பந்து போடுவதுபோல, கையைக் கீழாலே கொண்டுபோய், இடுப்பு உயரத்தில், அந்தக் கதவு திறக்கிற இடத்தில் பந்தை வைத்தார்.

டொக்.

பந்து அவருடைய காதைக் கடந்து, இரண்டாம் பேஸைக் கடந்து, புல்லில் விழுந்து, இன்னும் உருண்டது. அதை எடுக்க யாரும் ஓடவில்லை. முதலாளி மட்டையைப் பிடித்தபடி அது உருண்டு நிற்கும்வரை பார்த்தார். இருபதினாயிரம் பேர் எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியையும் தூக்கினார். மூச்சு வாங்கியது. பிறகு டொமினிக்கைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"இவன் பிட்சர் இல்லை. என்னாலேயே அடிக்க முடிகிறது! வேறு ஆளைப் பார். இவனை இரவோ பகலோ, எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்."

மடிப்புக் கதிரையைத் தூக்கிக்கொண்டு, வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு முதல்முறையாகப் பசியோடு, முதலாளி காருக்குப் போனார்.

டொமினிக் தன் சின்னக் குறிப்புக் கொப்பியை எடுத்தார். "செப்டெம்பர் ஆறு, செவ்வாய். காலை ஏழு. இரவுக்கு ஆள்?"

ஸ்ரீஸ்கந்தராசா கொப்பிக்கு மேல் குனிந்தார். "ஸெய்னுலாப்தீன்," என்றார். எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். டொமினிக் முதல் எழுத்தை மட்டும் எழுதினார்.

வானில் இடமில்லை. பேக்கரிக்காரர் முறைத்துக்கொண்டே நகர்ந்து, முன் சீட்டை விட்டார்கள். ஐந்தேகால். வீட்டடியில் இறக்கிவிடுகிறேன் என்று ஷிஹாப் சொன்னது இரக்கத்திலா, வாங்கிய சாமானைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் எண்ணத்திலா என்று அவர் ஆராயவில்லை.

"அக்காவுக்கு என்ன சொல்லுவியள்?"

"டே ஷிப்ட் கிடைச்சிட்டுது எண்டு."

"தம்பியாரைப் பற்றி?"

"அது அவள் கேப்பாள். ஒரு கிழமை கதைக்கமாட்டாள்." சீட்டில் தலையைச் சாய்த்தார். "முந்தியும் ஆளையாள் கண்டு கதைச்சது எங்கை. இனிக் கதைக்காமல் இருக்கிறதெண்டாலும் ஒரே நேரத்திலை வீட்டிலை இருந்து கதைக்காமல் இருக்கலாம்."

ஷிஹாப் சிரித்தான். சிரிப்பு எங்கோ தூரத்தில் கேட்டது. வான் திரும்பியது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பின்னால் யாரோ பாண் மாவைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள்.

"அண்ணை, இந்த லைட்டிலை இடமோ வலமோ? அண்ணை?"

இடம். அது அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்வதற்குத்தான் வாய் வெகுதூரத்தில் இருந்தது.